குப்பை யாருடையது, லாபம் யாருக்கு?

லாடாங் தானா மேரா என்ற பெயரில் தோட்டம் இருக்கிறது. ஆனால், போர்ட்டிக்சன் மாவட்டத்திலுள்ள அந்த இடம் இன்று அறியப்படுவது குப்பைக்காக. நாளுக்குச் சுமார் 600 டன் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலையை சைபார்க் நிறுவனம் அங்கு அமைத்துள்ளது.

எரியும் வெப்பத்தில் உண்டாகும் நீராவி விசையாழியைச் சுழற்றுகிறது. வருமானம் இரு வழியில்: குப்பையைப் பெற்றுக்கொள்ளும் கட்டணம், மின்சார விற்பனை.

நம் வீட்டுக் குப்பையில் ஏறக்குறைய பாதி உணவுக் கழிவு. ஈரம் கூடினால் வெப்பம் குறையும். பிரித்துப் போட்டால் காகிதமும் நெகிழியும் விலைபோகும். நெகிரி செம்பிலானில் குப்பையைப் பிரிப்பது 2015 செப்டம்பர் 1 முதல் கட்டாயம்.

இந்த வியாபாரத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 2018-இல் சீனா கதவடைத்ததும் வெளிநாட்டு நெகிழிக் குப்பை மலேசியாவை நோக்கித் திரும்பியது. சிலாங்கூர், ஜெஞ்சாரோமில் சட்டவிரோத ஆலைகள் முளைத்தன. விற்க முடிந்ததை எடுத்துக்கொண்டு, மிஞ்சியதை அங்கேயே எரித்தார்கள். புகையைச் சுவாசித்தவர்கள் உள்ளூர் மக்கள். 2020 ஜனவரிக்குள் 150 கொள்கலன்களை அரசாங்கம் திருப்பி அனுப்பியது.

ஆகவே, மறுசுழற்சி முதலீடு என்று யார் வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். குப்பை எங்கிருந்து வருகிறது? மிஞ்சும் சாம்பலும் கழிவும் எங்கே போகும்? சுற்றுச்சூழல் இலாகாவுக்குத் தெரிந்து நடக்கிறதா?

தோட்ட ஓரங்களில் ஆள் நடமாட்டம் குறைவு. இரவில் நெகிழி எரியும் வாடை அடித்தால் நாள், நேரம், இடம் குறித்து வைத்து இலாகாவிடம் புகார் செய்யுங்கள். ஜெஞ்சாரோம் விவகாரம் வெளியே வந்ததும் அக்கம்பக்கத்தார் விடாமல் புகார் கொடுத்ததால்தான்.