ஒற்றர் சொல்லும் தலைவர் செவியும்

மாணவ நண்பர்களே, பகைவன் படையெடுத்து வருவான் என்று முன்னரே கேள்வியுற்றும் போர்க்காலத் தலைவர்கள் வாளாவிருந்தது ஏன்? ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரமே வகுத்த மொழி நம்முடையது. ஆயின் ஒற்றன் கொணர்ந்ததை நம்புவது வேறொரு கலை. தமிழர் பலர் வாழ்ந்த மலாயாவின் வீழ்ச்சியைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

வடகிழக்குப் பருவக்காற்று வீசுங்கால் மலாயாவின் கிழக்குக் கடல் கொந்தளிக்கும். அப்போது படையிறக்குதல் இயலாது என்பது ஆங்கிலேயரின் நெடுநாள் துணிபு. நம் மதகடிப்பட்டு வயல்களுக்குக் கார்த்திகையில் மழை கொணரும் அதே காற்றுத்தான். மலாயாப் படைத்தலைவர் டாபி இத்துணிபைப் பயிற்சிகளால் சோதித்து, அம்மாதங்களிலும் படையிறக்கலாம், மேகமூட்டம் பகைவனுக்கே துணையாகும் என்று 1937-இல் அறிவித்தார். ஜப்பானியர் எவ்வழியே வருவர் என்று அவருக்கு வரைந்து கொடுத்தவர் பெர்சிவல் என்னும் அதிகாரி. சயாமின் சிங்கோரா, பத்தானி, மலாயாவின் கோத்தபாரு என இடங்களையும் அவர் சுட்டினார்.

இலண்டனோ பின்னர் ஐரோப்பியப் போரில் மூழ்கிற்று. மலாயாவுக்கு 336 விமானங்கள் வேண்டுமென முடிவு செய்தும், 1941 டிசம்பரில் அங்கிருந்தவை அதிற் பாதிகூட இல்லை. எச்சரிக்கையை மெய்யென ஏற்றால் விமானம் அனுப்ப வேண்டும். அனுப்ப இயலாதவனுக்கு எச்சரிக்கையை ஐயுறுவது எளிது. ஜப்பானியர் திறமை குறைந்தவர் என்னும் இனச்செருக்கும் உடன் சேர்ந்தது.

டிசம்பர் 6-ஆம் நாள் நண்பகலில் ஆஸ்திரேலிய விமானிகள் ஜப்பானியக் கப்பற்கூட்டத்தைக் கண்டனர். முந்திச் சென்று சயாமின் தென்கரையைப் பற்றும் திட்டமும், அதனைத் தொடங்கும் அதிகாரமும் தலைமைத் தளபதி புரூக்-பாப்பமிடம் இருந்தன. கப்பல்கள் எங்கே செல்கின்றன என்பது தெளிவில்லை. நடுநிலை நாட்டின்மேல் முதலில் பாய்ந்த பழி தமக்கு வருமோ என்று தயங்கினார். இதனை மடமை என ஒதுக்குதல் நேர்மையன்று. விளைவை அறிந்த நமக்கு அச்செய்தி தனித்து ஒளிர்கிறது. அன்று அது பல செய்திகளுள் ஒன்று. அதே ஆண்டு ஜூனில், ஜெர்மானியர் படையெடுப்பர் என்று வந்த எச்சரிக்கைகளை ஸ்டாலின் சூழ்ச்சியெனத் தள்ளினார். அவருக்கு வந்தவையோ மிகப் பல. அவரை அவ்வாறு பொறுத்தல் அரிது.

டிசம்பர் 8 பிறந்ததும் கோத்தபாருவில் படை இறங்கிற்று. அலைகள் சில படகுகளைக் கவிழ்த்தன, படை நிற்கவில்லை. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரில் சரணடைந்த தளபதி அதே பெர்சிவல். தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழர் பல்லாயிரவர் சயாம்–பர்மா இருப்புப்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களுள் பலர் திரும்பவில்லை.