பள்ளித் தோழரின் சாட்சியம்

நமது நாட்டில் உயர்தரப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள் நாளுக்கு நாள் பெருகி வருகின்றன. ஆண்டுக்கொரு முறை கூடுவதும், தம் உபாத்தியாயர்களுக்குப் பொன்னாடை போர்த்துவதும், ஒருங்கே அமர்ந்து விருந்துண்பதும், படம் பிடித்துக்கொண்டு பிரிவதும் வழக்கமாகிவிட்டன. இன்னார் உயர்ந்த உத்தியோகம் பெற்றார், இன்னார் மகளுக்கு விவாகம் நடந்தேறியது, இன்னார் காலஞ்சென்றார் என்னும் செய்திகள் அங்கே பரிமாறப்படுகின்றன. இவற்றில் யாதொரு குற்றமும் இல்லை. ஒரே பெஞ்சில் அமர்ந்து ஒரே பிரம்படியை வாங்கியவர்களின் அன்புக்கு ஈடான அன்பு உலகில் வேறு அதிகம் இல்லை. ஆயினும் விருந்தோடும் படத்தோடும் பழைய மாணவரின் கடமை தீர்ந்துவிடுகிறதா? தீரவில்லை என்பது நமது துணிபு. அதற்குச் சான்றாக நம் தமிழ்நாட்டிலேயே நிகழ்ந்த ஒரு சரித்திரத்தை இங்கே எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

கும்பகோணம் டவுன் ஹைஸ்கூல் 1864ஆம் ஆண்டில் தோன்றிய பழம்பெரும் பாடசாலை. 1898ஆம் ஆண்டில் அதன் முதல் பாரத்தில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் சேர்ந்தான். தகப்பனார் ஜவுளிக்கடையில் குமாஸ்தா, குடும்பமோ ஏழ்மையானது. அச்சிறுவனே பிற்காலத்தில் ராயல் சொஸைட்டியின் அங்கத்தினராகி உலகம் போற்றிய கணித மேதை ஸ்ரீநிவாஸ ராமானுஜன் என்பதை நேயர்கள் அறிவார்கள். அவர் அப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் பயின்றார். அந்த ஆறு ஆண்டுகளைப் பற்றி இன்று நமக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி எங்கிருந்து வந்தது? சர்க்கார் தஸ்தாவேஜுகளிலிருந்து அன்று. சர்வகலாசாலைப் பதிவேடுகளிலிருந்தும் அன்று. உடன் படித்த தோழர்களின் வாய்மொழியிலிருந்தே வந்தது.

ஒரு நிகழ்ச்சியைக் கேளுங்கள். அப்பள்ளியில் ராமானுஜனுக்கு மேல் வகுப்பில் ராஜகோபாலாச்சாரி என்னும் மாணவர் ஒருவர் இருந்தார். (பின்னாளில் கவர்னர்-ஜெனரலாக விளங்கிய ராஜாஜி அல்லர் இவர், பெயர் மட்டுமே ஒன்று.) கணக்கில் கெட்டிக்காரன் என்று பெயரெடுத்த கீழ் வகுப்புப் பையனைச் சோதித்துப் பார்க்கும் எண்ணத்தோடு அவர் ஒரு கணக்கைப் போட்டார். ஓர் எண்ணின் வர்க்கமூலத்தோடு மற்றோர் எண்ணைக் கூட்டினால் 7, அம்முதல் எண்ணோடு இரண்டாம் எண்ணின் வர்க்கமூலத்தைக் கூட்டினால் 11, எண்கள் எவை? பார்வைக்கு எளிது. ஆனால் முறைப்படி செய்யப் புகுந்தால் நான்காம் படிச் சமீகரணத்தில் கொண்டுபோய்ச் சிக்கவைக்கும் கணக்கு அது. பையன் அரை நிமிஷத்தில் 9, 4 என்று விடை கூறிவிட்டான். சோதிக்க வந்தவர் அன்றுமுதல் சிநேகிதரானார். இந்தச் சிறு நிகழ்ச்சியை எந்த இன்ஸ்பெக்டரும் குறித்து வைக்கவில்லை. கேட்டவரின் உள்ளத்தில் மட்டுமே அது பதிந்திருந்தது.

பள்ளிக்கூடத்தின் கால அட்டவணையைத் தயாரிக்கும் பொறுப்பு ஒரு கணித ஆசிரியரிடம் இருந்ததாம். சுமார் 1,200 மாணவரையும் 35 உபாத்தியாயர்களையும் மோதலின்றிப் பொருத்தும் அந்தத் தொல்லையான வேலையை அவர் ராமானுஜனிடமே ஒப்படைத்துவிடுவாராம். காகிதம் விலையதிகமாகையால் ராமானுஜன் சிலேட்டில் எழுதி, முழங்கையாலேயே அழித்து, முடிவை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டதும், சகபாடி ஒருவன் கணக்கில் தன்னைவிடச் சற்று அதிக மார்க்கு வாங்கிவிட்டதற்காக அவனோடு பேசாமல் இருந்ததும் இவ்விதமே நமக்குக் கிட்டிய செய்திகள். கடைசியில் சொன்னது பெருமைக்குரிய செய்தி அன்று. ஆனால் அதில்தான் உயிருள்ள ஒரு சிறுவன் நம் கண்முன் நிற்கிறான். மேதையென்று மாலை சூட்டுவது எளிது. கோபித்துக்கொண்ட பையனை நினைவில் வைத்திருக்க உண்மையான சிநேகிதன் வேண்டும்.

1904இல் பள்ளியை விட்டுச் செல்லும்போது கணிதத்துக்கான பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது. தலைமை ஆசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், இம்மாணவனுக்கு முழு மார்க்குக்கு மேலும் அளிக்க இடமிருந்தால் அளிக்கவேண்டும் என்னும் கருத்தில் சபையோர்க்கு அவரை அறிமுகம் செய்துவைத்தார். பழைய மாணவர் சங்கங்களின் பேச்சுக்கள் வழக்கமாக இந்த இடத்தில் நின்றுவிடும். கரகோஷம் எழும், கூட்டம் கலையும். ஆனால் சரித்திரம் இங்கே நிற்கவில்லை.

கும்பகோணம் சர்க்கார் காலேஜில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்த ராமானுஜன், கணிதம் ஒன்றிலேயே மனம் ஊன்றி மற்றப் பாடங்களைக் கைவிட்டமையால் அவ்வுபகாரச் சம்பளத்தை இழந்தார். 1905இல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டணம் போனார். 1906இல் சென்னைப் பச்சையப்பன் கலாசாலையில் சேர்ந்தார், எப். ஏ. பரீக்ஷையில் தேறவில்லை. அடுத்த ஆண்டும் தேறவில்லை. பட்டமில்லை, உத்தியோகமில்லை, 1909இல் விவாகம் மட்டும் ஆகியிருந்தது. அந்த ஆண்டில் டவுன் ஹைஸ்கூலின் பழைய மாணவர் மகாநாடு ஒன்று கூடியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று நேயர்கள் சற்றே சிந்திக்க வேண்டும். முன்வரிசை நாற்காலிகளில் வக்கீல்களும் முனிசீப்புகளும் தாசில்தார்களும் அமர்ந்திருப்பார்கள். ராமானுஜன் அங்கு வந்திருக்கமாட்டார். வந்திருந்தாலும் கடைசி வரிசையில், “இப்பொழுது என்ன செய்கிறீர்?” என்று யாரும் கேட்டுவிடாதிருக்க வேண்டுமே என்ற அச்சத்தோடு உட்கார்ந்திருப்பார்.

அவரைக் கரையேற்றியவற்றுள் ஒன்று ஒரு பள்ளித் தோழரின் சொல். 1910ஆம் ஆண்டின் இறுதியில் ராமானுஜன் உதவி தேடியது நெல்லூர் கலெக்டராக இருந்த திவான் பகதூர் ஆர். ராமச்சந்திர ராவ் அவர்களிடம். அவர் கணிதப் பயிற்சியுள்ளவர். இந்தியக் கணித சங்கத்தின் காரியதரிசி. ஆயினும் பட்டமில்லாத இவ்வாலிபர் காட்டிய நோட்டுப் புத்தகங்களைக் கண்டபோது, இவை உண்மையில் இவருடைய சொந்தச் சரக்குத்தானா என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. அவ்வையத்தைப் போக்க முன்வந்து, ராமானுஜனுக்கு மற்றுமொரு சந்தர்ப்பம் அளிக்குமாறு வற்புறுத்தியவர் யார்? முன்னே அந்தக் கணக்கைப் போட்ட அதே ராஜகோபாலாச்சாரிதான்! இவன் பிறர் பொருளைத் தன்னதென்று சொல்லுபவன் அல்லன் என்று உறுதி கூற, பல்லாண்டுகளுக்கு முன் பள்ளியில் உடன் இருந்தவரைக் காட்டிலும் தக்க சாட்சி வேறு யார் உளர்? ராமச்சந்திர ராவ் செவிசாய்த்துக் கேட்டார், திருப்தியடைந்தார், மாதம் ரூ. 25 தம் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்து உதவினார். பின்னர் 1912இல் சென்னைத் துறைமுக டிரஸ்டில் மாதம் ரூ. 30 சம்பளத்தில் குமாஸ்தா வேலை; 1913 ஜனவரியில் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம்; 1914 மார்ச்சில் கப்பல் பிரயாணம்; 1918இல் எப். ஆர். எஸ். பட்டம். 1920 ஏப்ரல் 26இல் முப்பத்திரண்டாவது வயதில் அந்த ஜோதி அணைந்தது. இத்தொடரில் பழைய பள்ளித் தோழர் நீட்டிய கை ஒரு கண்ணி. நூறு விருந்துகளைவிட அந்த ஒரு கை மேலானதன்றோ?

இனி இச்சரித்திரத்தின் இரண்டாம் பாகம், பலர் அறியாதது. ராமானுஜன் மறைந்தபின் அவருடைய கணிதம் போற்றிக் காக்கப்பட்டது. 1927இல் கேம்பிரிட்ஜில் அவருடைய கட்டுரைத் தொகுதி வெளிவந்தது. 1957இல் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையம் அவருடைய நோட்டுப் புத்தகங்களை உள்ளபடியே படமெடுத்து வெளியிட்டது. ஆனால் மனிதர் ராமானுஜனை அறிந்திருந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்துகொண்டிருந்தார்கள். 1887இல் பிறந்தவருடன் படித்தவர்களுக்கு 1960க்குப் பின் என்ன வயதிருக்கும்? எண்பதை எட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னும் பத்து ஆண்டுகள் தாமதித்திருந்தால் அந்த வாய்மொழி முழுவதும் சிதையோடு போயிருக்கும்.

அதைத் தடுக்க முன்வந்தது பெரிய சர்வகலாசாலை ஒன்றன்று. சென்னை ஜார்ஜ் டவுனில் உள்ள முத்தியால்பேட்டை ஹைஸ்கூலில் கணித உபாத்தியாயராக இருந்த ஸ்ரீ பி. கே. ஸ்ரீநிவாசன் அவர்களே முன்வந்தார். ராமானுஜனை அறிந்தவர்களிடமிருந்து அவர் கடிதங்களையும் நினைவுரைகளையும் சேகரித்தார். அவற்றை ராமானுஜன் ஞாபகார்த்த மலராக இரண்டு பாகங்களில் 1968ஆம் ஆண்டு வெளியிட்டது அந்த ஹைஸ்கூலைச் சார்ந்த எண் நண்பர் சங்கத்தின் பழைய மாணவர் கமிட்டி! ராமானுஜன் படித்த பள்ளி கும்பகோணத்தில். அவருடைய தோழர்களின் நினைவுகளை அழியாமல் காத்தவர்களோ சென்னையில் வேறொரு பள்ளியின் பழைய மாணவர்கள். 1991இல் அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் கனிகல் ராமானுஜனின் விரிவான சரித்திரத்தை எழுதியபோது, கும்பகோணத்துச் சிறுவனை உயிரோடு எழுப்பிக்காட்ட இம்மலர் அவருக்குப் பெரிதும் பயன்பட்டது. அந்நூல் 2015இல் சினிமாப் படமாகவும் ஆயிற்று. உலகம் அறிந்த கதைக்கு அடியில் ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயரின் சலியாத உழைப்பும் பழைய மாணவர் கமிட்டியொன்றின் அச்சுக்கூலியும் இருக்கின்றன. 2005இல் காலமான ஸ்ரீ ஸ்ரீநிவாசன் அவர்களை எத்தனை பேர் நினைவு கூர்கிறோம்?

“எல்லாப் பள்ளிகளிலும் ராமானுஜன் பிறப்பானா? எங்கள் பள்ளியில் பதிவு செய்வதற்கு என்ன இருக்கிறது?” என்று கேட்பாரும் உளர். அவர்களுக்கு நமது விடை இது: 1907இல் இரண்டாம் முறை தவறிய வாலிபனை ராமானுஜன் என்று யார் கண்டார்? மேலும் மேதைகளுக்காக மட்டும் நினைவு காக்கப்படுவதில்லை. ஒரு பள்ளியில் சம்பளம் கட்ட முடியாத பையனுக்கு எந்த ஆசிரியர் மௌனமாகக் கட்டினார், வறட்சிக் காலத்தில் எத்தனை பிள்ளைகள் படிப்பை நிறுத்தினார்கள், எந்த ஜாதிப் பிள்ளை எந்த வருஷத்தில் முதன்முதலாக முன்பெஞ்சில் உட்கார்ந்தான், மறியலுக்குச் சென்று வகுப்பை இழந்தவர் யார், பெண் குழந்தைகள் எப்பொழுது சேர்க்கப்பட்டார்கள் என்பவை தேசத்தின் சரித்திரம் அல்லவா? சர்க்கார் அறிக்கைகளில் தொகை இருக்கும், மனிதர் இரார்.

நியாயஸ்தலங்களில் ஒரு முறை உண்டு. வயோதிகத்தாலோ நோயாலோ பின்னர் வரவியலாத சாட்சி இருப்பின், வழக்கு விசாரணைக்கு வரும்வரை காத்திராமல் கமிஷனர் ஒருவரை வீட்டுக்கே அனுப்பி வாக்குமூலத்தை எழுதிக்கொள்வார்கள். சாட்சி இறந்தபின் வருந்திப் பயனில்லை என்பதே அதன் கருத்து. பழைய மாணவர் சங்கங்களும் இதைக் கைக்கொள்ளலாகாதா? அவ்வாறு எழுதும்போது குறுக்கு விசாரணையையும் மறக்கலாகாது. அறுபது ஆண்டு கடந்த ஞாபகம் சிலவற்றை மாற்றும், சிலவற்றைக் கூட்டும். பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுத்தால் என்ன வரும் என்று சிறுவன் ராமானுஜன் உபாத்தியாயரைக் கேட்டதாக வழங்கும் கதையைக்கூட ஒருவர் சொன்னபடி மற்றொருவர் சொல்வதில்லை. ஆகவே இருவர் மூவரின் கூற்றை ஒப்பிட்டு, பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டோடு சரிபார்த்து, கேட்டதைக் கேட்டதென்றும் கண்டதைக் கண்டதென்றும் பிரித்து எழுதவேண்டும். புகழ்ச்சி வேறு, சாட்சியம் வேறு.

சங்கங்களின் காரியதரிசிகளுக்கு நாம் கூறும் யோசனைகள் மூன்றே. முதலாவது, எழுபது வயது கடந்த பழைய மாணவர்கள், ஆசிரியர்கள் ஆகியோரின் ஜாபிதாவைத் தயாரித்து, அடுத்த கூட்டத்துக்கு முன்னரே இளைஞர்களை அவர்கள் வீட்டுக்கு அனுப்பி அவர்கள் சொல்வதைப் பதிவு செய்க. இதற்கு இன்று கையில் உள்ள தொலைபேசிக் கருவியே போதும். இரண்டாவது, பள்ளியின் பழைய பதிவேடுகளும் ஆண்டு மலர்களும் எந்த அறையில் கரையானுக்கு இரையாகின்றன என்று விசாரித்து, அவற்றைப் படியெடுத்துக் காப்பாற்றுக. மூன்றாவதே முக்கியமானது: கூட்டத்துக்கு வராதவர்களைத் தேடிச் செல்க. வந்தவர்களுக்கு மாலை போடப் பலர் இருப்பார்கள். வராதவருள் ஒருவர், முன்பொருநாள் விசாகப்பட்டணத்துக்குப் போனவரைப்போல, தோல்வியின் நாணத்தால் ஒதுங்கியிருக்கக்கூடும். அவருக்கு வேண்டியது பொன்னாடை அன்று, “இவனை எனக்குச் சிறுவயதிலிருந்தே தெரியும், இவன் சொல்வது மெய்” என்று கூறும் ஒரு குரலே.

அந்தக் குரலைக் கொடுப்பதற்குப் பழைய மாணவரைத் தவிர வேறு எவருக்கும் தகுதியில்லை. இந்த ஆண்டுக் கூட்டங்கள் கூடும்போது, காலியாகக் கிடக்கும் நாற்காலிகளை எண்ணிப் பார்த்துவிட்டே நம் அன்பர்கள் விருந்துக்கு எழுந்திருப்பார்கள் என்று நம்புகிறோம்.