பொருந்தாத மரை

தீயணைக்கும் படையின் வண்டி மணியடித்துக்கொண்டு தெருவில் விரைவதைக் கண்டால் நாம் ஒதுங்கி நின்று வழி விடுகிறோம். ஒரு வண்டி போதாவிட்டால் அடுத்த ஊரிலிருந்து இன்னொன்று வரும், அதுவும் போதாவிட்டால் மூன்றாவது வரும் என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம். தண்ணீர் எங்கும் தண்ணீர்தானே, குழாய் எங்கும் குழாய்தானே என்பது நம் எண்ணம். இது எவ்வளவு பிசகான எண்ணம் என்று அறிய விரும்பும் நேயர்கள், வீட்டிலுள்ள இரண்டு டிபன் காரியர்களை எடுத்து, ஒன்றின் அடுக்கை மற்றொன்றின் மேல் வைத்துப் பார்த்தால் போதும். இரண்டும் ஒரே கடையில் வாங்கியவையாக இருக்கலாம். பார்வைக்கு ஒரே அளவாகவும் இருக்கலாம். ஆனாலும் ஒரு நூலளவு வித்தியாசத்தினால் அடுக்கு உட்கார மறுத்துவிடும். சாம்பார் சாதம் கொண்டுபோகிற பாத்திரத்தில் இதனால் பெரிய நஷ்டம் ஒன்றுமில்லை. ஆனால் இந்த நூலளவு வித்தியாசம் குறுக்கே நின்றபோது, ஒரு பட்டணத்தின் நடு மத்தியே சாம்பலானது உண்டு.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் பால்டிமோர் என்று ஒரு துறைமுகப் பட்டணம் இருக்கிறது. 1904-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 7-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில், அங்கே ஹர்ஸ்ட் கம்பெனியாரின் துணிக் கிடங்கில் தீப்பற்றியது. விடுமுறை நாளாகையால் கடைவீதியில் ஆள் நடமாட்டம் இல்லை. படையினர் வந்து இறங்கிய சற்று நேரத்துக்கெல்லாம் கட்டடம் வெடித்து, அக்கம்பக்கத்துக் கட்டடங்களுக்கும் தீ தாவிற்று. காற்றோ பலமாக வீசியது. போதாக்குறைக்கு, டிராம் வண்டியின் மின்சாரக் கம்பி ஒன்று அறுந்து விழுந்து படைத் தலைவரையே காயப்படுத்திவிட்டது. சேனாபதி இல்லாத சேனையாக மற்றவர்கள் போராட வேண்டியதாயிற்று.

உள்ளூர்ப் படையினால் ஆகாது என்று கண்டதும் வாஷிங்டனுக்குத் தந்தி பறந்தது. அவர்கள் தங்கள் நீராவி எஞ்சின்களை ரயிலில் ஏற்றிக்கொண்டு அன்று பிற்பகலிலேயே வந்து சேர்ந்தார்கள். பின்னர் பிலடெல்பியாவிலிருந்து வந்தார்கள், நியூயார்க்கிலிருந்தும் வந்தார்கள். அயலூர்க்காரன் உதவிக்கு வர யோசித்தான் என்று இந்த விஷயத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆளுக்கும் குறைவில்லை, யந்திரத்துக்கும் குறைவில்லை, தைரியத்துக்கும் குறைவில்லை.

வந்தவர்கள் குழாய்ச் சுருளை விரித்துக்கொண்டு, தெருவோரத்தில் தீயணைப்பதற்கென்று நாட்டியிருந்த தண்ணீர்க் குழாயில் பூட்டப் போனார்கள். மரை சேரவில்லை!

அமெரிக்காவில் இக்குழாய்களைத் திருகிப் பூட்டுவதுதான் வழக்கம். ஓர் அங்குல நீளத்துக்கு இத்தனை மரை என்று கணக்கு உண்டு. முனையின் குறுக்களவுக்கும் கணக்கு உண்டு. அந்தக் கணக்கை ஒவ்வொரு பட்டணமும் தன் இஷ்டம்போல் வைத்துக்கொண்டிருந்தது. ஓர் ஊரில் அங்குலத்துக்கு 7 மரை. இன்னோர் ஊரில் 8. குறுக்களவு இங்கே ஒரு நெல் கூட, அங்கே ஒரு நெல் குறைய. அந்தத் தேசம் முழுவதிலும் 600-க்கு மேற்பட்ட தினுசுகள் வழங்கி வந்ததாகப் பிற்பாடு கணக்கெடுத்தார்கள். பக்கத்து ஊரான வாஷிங்டனின் குழாய்கூடப் பால்டிமோரின் குழாயோடு ஒட்டவில்லை. முனையை முனையோடு வைத்து, மேலே கித்தானைச் சுற்றிப் பிடித்துப் பார்த்தார்கள். நீரின் வேகத்துக்கு முன்னால் கித்தான் என்ன செய்யும்? பாதித் தண்ணீர் வழியிலேயே பீறிட்டு வீணாயிற்று. எதிரே ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டடங்கள் பற்றிக்கொண்டிருக்க, வெகு தூரம் பிரயாணம் செய்து வந்த வீரர்கள் கையில் வறண்ட குழாயை வைத்துக்கொண்டு நின்ற காட்சியைக் கற்பனை செய்யவே சங்கடமாயிருக்கிறது.

மறுநாள் மாலை ஜோன்ஸ் பால்ஸ் என்னும் ஓடைக்கரையில்தான் தீயை மடக்க முடிந்தது. அங்கே 37 நீராவி எஞ்சின்களை வரிசையாக நிறுத்திப் போராடினார்கள். ஓடைத் தண்ணீருக்கு மரை கிடையாது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். உறிஞ்சு குழாயை நீரில் போட்டால் எந்த ஊர் எஞ்சினுக்கும் அது வஞ்சனையில்லாமல் வரும்! தீ அடங்குவதற்குள் 30 மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. 140 ஏக்கர் நிலப்பரப்பில் 1,500-க்கு மேற்பட்ட கட்டடங்கள் அழிந்தன.

இந்தக் கஷ்டம் எவரும் எதிர்பாராதது என்று சொல்லலாமா என்றால், அதற்கும் வழியில்லை. 1872-ல் பாஸ்டன் நகரம் பற்றி எரிந்தபோதே, அயலூர்ப் படைகளின் குழாய்கள் பொருந்தாமல் திண்டாடியிருக்கிறார்கள். அதற்கு மறு வருஷம், அமெரிக்கப் பட்டணங்களின் தீயணைக்கும் படைத் தலைவர்கள் ஒன்றுகூடித் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். ஒருவர் அனுபவத்தை மற்றவர் அறிந்துகொள்ள வேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்த முதல் மகாநாட்டில் அவர்கள் ஆலோசித்த விஷயங்களில், எல்லா ஊருக்கும் ஒரே மரை வேண்டும் என்பதும் ஒன்று. மகாநாடு கூடிய இடம் எது தெரியுமா? பால்டிமோர்! எந்தப் பட்டணத்தில் உட்கார்ந்து பேசினார்களோ, அந்தப் பட்டணமே 31 வருஷம் கழித்து அதே குறையினால் தவித்தது. மகாநாடு கூட்டுவதிலும் தீர்மானம் போடுவதிலும் கெட்டிக்காரர்களான நமக்கு இந்தச் செய்தி அவ்வளவு ஆச்சரியம் தராது என்று நினைக்கிறோம்.

எல்லாரும் வேண்டும் என்று சொன்ன காரியம் ஏன் நடக்கவில்லை? பணம் ஒரு காரணம். ஓர் ஊரின் மரையை மாற்றுவதென்றால் வீதிதோறுமுள்ள குழாய்களையும் கிடங்கிலுள்ள சுருள்களையும் ஒருங்கே மாற்ற வேண்டும். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டென்பது நமது அபிப்பிராயம். தன் ஊர்க் குழாய் தன் ஊர் எஞ்சினோடு சேருகிற வரையில் யாருக்கும் குறையே கண்ணில் படுவதில்லை. அயலான் வந்து நிற்கும் அந்த ஒரு நாள்தான் அது வெளிப்படுகிறது. அந்த நாளில் திருத்த அவகாசம் இருப்பதில்லை. வீடு பற்றிக்கொண்ட பிறகு கிணறு வெட்டப் போகிறவனைப் பார்த்து நாம் சிரிக்கிறோம். கிணறு வெட்டி வைத்தும் கயிற்றை அளந்து பார்க்காதவனை என்னவென்று சொல்வது?

பால்டிமோருக்குப் பிறகு காரியம் சற்று வேகமாக நடந்தது. 1905-ல் தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கத்தார் ஒரு பொது அளவை ஏற்றுக்கொண்டார்கள். இரண்டரை அங்குலக் குழாய்க்கு அங்குலத்துக்கு ஏழரை மரை என்பது அதன் கணக்கு. ஏழும் இல்லாமல் எட்டும் இல்லாமல் இதென்ன அரைக் கணக்கு என்று தோன்றலாம். இதில்தான் அவர்களுடைய புத்திசாலித்தனம் இருக்கிறது. பெரும்பாலான ஊர்களில் 7 அல்லது 8 மரையே இருந்தபடியால், நடுவில் ஓர் அளவை வைத்தால், பழைய கப்ளிங்குகளை எறிந்துவிடாமல் சிறிது கடைந்து திருத்தியே உபயோகிக்கலாம். எந்த ஊரும் தோற்றதாகாது. எந்த ஊரும் ஜயித்ததாகவும் ஆகாது. சமரசம் செய்யத் தெரிந்த யாரோ ஒரு பெரியவர் அந்தக் குழுவில் இருந்திருக்க வேண்டும்.

இவ்வளவு செய்தும், சரியாக ஒரு நூற்றாண்டு கழித்து 2004-ல் அமெரிக்க ஸர்க்காரின் அளவை ஸ்தாபனத்தார் விசாரித்துப் பார்த்தபோது, ஜனத்தொகையில் முன்னிற்கும் 48 பட்டணங்களில் 18 மட்டுமே பொது அளவுக் குழாய்களை நாட்டியிருந்தன. மற்றவை இடையே ஓர் இணைப்புத் துண்டை வைத்துக் காலம் தள்ளி வந்தன. அந்தத் துண்டு சமயத்தில் கைக்கு அகப்பட்டால் சரி. 1991 அக்டோபர் 20-ந் தேதி கலிபோர்னியாவில் ஓக்லண்ட் நகரத்துக் குன்றுகளில் தீப்பிடித்தது. ராஜ்யத்தின் பல பாகங்களிலிருந்தும் படைகள் ஓடி வந்தன. அவை கொண்டு வந்தவை இரண்டரை அங்குல முனைகள். ஓக்லண்டின் தெருக் குழாய்களோ மூன்று அங்குலம். இணைப்புத் துண்டுகள் எல்லாருக்கும் போதவில்லை. அன்றைய நஷ்டத்துக்குக் காற்றும் வறட்சியும் நெருக்கமான வீடுகளுமே முக்கிய காரணங்கள். மின்சாரம் அறுந்து, தண்ணீர் ஏற்றும் பம்புகளும் நின்றுபோயின. எனினும் 25 உயிர்களையும் 3,000-க்கு மேற்பட்ட குடியிருப்புகளையும் பறிகொடுத்த அந்த இடத்தில், 1904-ன் பழைய கதையும் சேர்ந்துகொண்டது.

மரை சேர்ந்துவிட்டால் மட்டும் போதுமா? வார்த்தையும் சேர வேண்டியிருக்கிறது. அதே கலிபோர்னியாவில் 1970-ல் 13 நாட்கள் காட்டுத் தீ மூண்டு 16 பேர் இறந்தார்கள். சுமார் 700 கட்டடங்கள் வெந்தன. ஏராளமான படைகள் உதவிக்கு வந்தும், யார் யாருக்குக் கட்டளையிடுவது என்பதே தெரியவில்லை. ஒருவர் ரேடியோவில் மற்றவர் பேச முடியவில்லை. பேச முடிந்தாலும் ஒருவர் பாஷை மற்றவருக்கு விளங்கவில்லை. உதாரணமாக, "டாங்கர்" என்றால் சில படைகளுக்குத் தண்ணீர் லாரி. வேறு சில படைகளுக்கு ஆகாயத்திலிருந்து தண்ணீர் கொட்டும் விமானம். லாரியை எதிர்பார்த்தவன் தலைக்கு மேல் விமானம் வந்து நின்றால் அவன் கதி என்ன! இதன் பிறகுதான் அங்குள்ள படைகள் கலந்து ஆலோசித்து, பொதுவான சொற்கள், பொதுவான பதவிப் பெயர்கள், களத்தில் ஒரே அதிகாரம் என்ற ஒழுங்கை வகுத்தன. ரேடியோவில் சங்கேத எண்களை விட்டுவிட்டுச் சாதாரண வார்த்தைகளிலேயே பேச வேண்டும் என்பதும் அதில் ஒரு விதி. வந்திறங்கும் படை எந்த ஊருடையதானாலும், தான் யாரிடம் போய் நிற்க வேண்டும் என்பது அதற்கு முன்கூட்டியே தெரிந்திருக்கும். நம் தேசத்தின் பேரிடர் நிர்வாக ஆணையம் 2010-ல் வெளியிட்ட முறையும் இந்த ஒழுங்கைத் தழுவியதே.

ஒரே அதிகாரம் இல்லாமையின் கொடுமையை அதற்கு வெகு காலம் முன்பே நாம் பம்பாயில் பார்த்தாயிற்று. 1944 ஏப்ரல் 14-ந் தேதி விக்டோரியா டாக்கில் நின்ற போர்ட் ஸ்டிக்கீன் என்ற கப்பலில், பஞ்சு மூட்டைகளுக்கு நடுவே புகை கிளம்பிற்று. அதே கப்பலில் சுமார் 1,400 டன் வெடிமருந்து இருந்தது. கப்பலை வெளியே இழுத்துச் செல்வதா, அங்கேயே மூழ்கடிப்பதா, தண்ணீர் பாய்ச்சிக்கொண்டே இருப்பதா? யோசனை சொல்லப் பலர் இருந்தார்கள். தீர்மானம் செய்ய ஒருவரும் முன்வரவில்லை. படையினர் மட்டும் தங்கள் கடமையைச் செய்துகொண்டேயிருந்தார்கள். மாலை 4 மணிக்கு மேல் கப்பல் வெடித்தது. தீயணைக்கும் வீரர்கள் 66 பேர் மாண்டார்கள். அந்தத் தேதியைத்தான் பாரத தேசம் முழுவதும் தீயணைப்போர் தினமாக அனுஷ்டிக்கிறோம்.

நம் தேசத்தில் தீயணைப்பு என்பது அந்தந்த ராஜ்யத்தின் பொறுப்பு, சில இடங்களில் நகரசபையின் பொறுப்பு. ஆகவே பால்டிமோரின் வியாதி நமக்கு வருவதற்கு எல்லா சௌகரியங்களும் உண்டு. அதைத் தடுக்கும் காரியங்களில் முக்கியமானது, 1956-ல் ராம்பூரில் துவக்கி மறு வருஷம் நாகபுரிக்கு மாற்றப்பட்ட தேசியத் தீயணைப்புக் கல்லூரி. தமிழ்நாட்டு அதிகாரியும் அஸ்ஸாம் அதிகாரியும் அங்கே ஒரே பெஞ்சியில் உட்கார்ந்து படிக்கிறார்கள். ஒரே ஏணியில் ஏறி இறங்குகிறார்கள். பயிற்சிக்கென்று புகைக்கூடமும் கோபுரமும் கட்ட ஒவ்வொரு சிற்றூர் நிலையத்தாலும் முடியாது. ஒரு வண்டியும் சில ஆட்களும் உள்ள நிலையத்துக்கு எண்ணெய்க் கிடங்குத் தீயின் அனுபவம் எங்கிருந்து வரும்? அதைக் கண்டவர்களிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும். பாடப் புத்தகத்தைவிட, கூடப் படித்தவனுக்கு நள்ளிரவில் டெலிபோன் செய்து, "அண்ணா, இந்த மருந்துக் கிடங்கில் தண்ணீர் விடலாமா?" என்று கேட்க முடிவதையே இத்தகைய கல்லூரியின் பெரிய லாபமாக நாம் மதிக்கிறோம்.

குழாய் விஷயத்தில் நமக்கு அதிர்ஷ்டம் உண்டு. இங்கே வழங்குவது திருகு மரையே இல்லாத கப்ளிங். ஆண் முனையைப் பெண் முனைக்குள் அழுத்தினால் உள்ளே இருக்கும் வில்லுப் பற்கள் 'டக்'கென்று கவ்விக்கொள்ளும்; இரு பக்கத்துக் குமிழ்களையும் இழுத்தால் விட்டுவிடும். 63 மில்லிமீட்டர் என்ற அதன் அளவை இந்திய நியமம் நிர்ணயித்திருக்கிறது. ஏப்ரல் 14 முதல் ஒரு வாரம், பல ஊர்களில் நிலையத்தார் ஜனங்களுக்குத் தங்கள் கருவிகளைக் காட்டி விளக்குகிறார்கள். நேயர்கள் குழந்தைகளை அழைத்துக்கொண்டு அவசியம் போக வேண்டும். பெரிய ஏணியையும் சிவப்பு வண்டியையும் பார்த்து முடித்த பிறகு, அந்தப் பித்தளை முனைகள் இரண்டைக் காட்டும்படி கேளுங்கள். ஒன்று சென்னையில் வார்த்ததாக இருக்கலாம், மற்றொன்று வடக்கே எங்கேயோ வார்த்ததாக இருக்கலாம். குழந்தையின் கையில் கொடுத்துப் பூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.