கார் வந்தாச்சு... பேர் மாறியாச்சா?

போன ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை. பழங்காநத்தத்தில் எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. எதிர்வீட்டுப் பெண் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"அக்கா, கார் வாங்கிட்டோம்! பழைய வண்டிதான். அவரோட வேலை பாக்குறவரு கொடுத்தாரு. பாண்டி கோயிலுக்குப் போய் பூஜை போட்டு, எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி எடுத்துட்டு வந்துட்டோம்!"

முகமெல்லாம் சிரிப்பு. எனக்கும் சந்தோஷம்தான். "ஆர்.சி. யார் பேர்ல இருக்கு?" என்று கேட்டேன்.

"அவங்க பேர்லதான்க்கா. ஃபாரத்துல கையெழுத்து வாங்கி வச்சிருக்கோம். மெதுவா மாத்திக்கலாம்..."

அந்த 'மெதுவா'தான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. ஏன் தெரியுமா?

பேர் மாறாததால் வந்த வினை

வடக்கே ஒருவர் 2007-ல் தன் காரை விற்றார். பணம் வாங்கினார், சாவியைக் கொடுத்தார், மறந்துவிட்டார். வாங்கியவர் இன்னொருவருக்கு விற்க, அவர் வேறொருவருக்கு விற்க, வண்டி கைமாறிக்கொண்டே போனது. ஆர்.சி.யில் மட்டும் முதல் ஆளின் பேரே நின்றது. 2009 மே மாதம் அந்தக் கார் மோதி ஒரு பெண் காயமடைந்தார். அவருடன் வந்த உறவினர் இறந்துபோனார். நஷ்டஈடு யார் கொடுப்பது?

வழக்கு பஞ்சாப்–ஹரியானா உயர் நீதிமன்றம் வழியாக உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018 பிப்ரவரி 6-ம் தேதி தீர்ப்பு வந்தது: பதிவுப் புத்தகத்தில் யார் பேர் இருக்கிறதோ, அவரே சட்டப்படி சொந்தக்காரர்; அவரே பொறுப்பு. என்றைக்கோ வண்டியை விற்றுவிட்ட மனிதர்தான் நஷ்டஈடு தர வேண்டியதாயிற்று!

ஆகவே பேர் மாற்றம் வாங்குகிறவருக்கு மட்டுமல்ல, விற்கிறவருக்கும் பாதுகாப்பு.

வில்லங்கம் பார்த்தீர்களா?

அரை சென்ட் நிலம் வாங்கினாலும் வில்லங்கச் சான்று பார்க்கிறோம் அல்லவா? காருக்கும் வில்லங்கம் உண்டு. ஆர்.சி.யில் 'எச்.பி.' என்ற இடத்தில் ஏதாவது வங்கியின் பேரோ ஃபைனான்ஸ் கம்பெனியின் பேரோ இருந்தால், அந்த வண்டியின் மேல் கடன் பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம். "கடனெல்லாம் எப்பவோ கட்டியாச்சு" என்ற வாய்வார்த்தை போதாது. கடன் கொடுத்தவர்களின் தடையில்லாச் சான்றும், அவர்கள் கையெழுத்திட்ட 35-ம் எண் படிவமும் வேண்டும்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, கட்டாத அபராதம் ஏதும் இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள என்ஜின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் வண்டியில் உள்ள எண்களோடு ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள். சொந்தக்காரர் காலமாகிவிட்டார் என்றால், வாரிசு பேருக்கு வண்டி மாறின பிறகு வாங்குவதே நல்லது.

நாள் கணக்கு முக்கியம்

பேர் மாற்ற 29, 30 என்ற இரண்டு படிவங்கள். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளுக்குள்ளும், வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். மதுரையில் தெற்கு (டி.என். 58), வடக்கு (டி.என். 59), மத்தி (டி.என். 64) என்று மூன்று அலுவலகங்கள். வாங்குகிறவரின் முகவரி எந்த அலுவலகத்தில் சேர்ந்ததோ அங்கே போக வேண்டும். தேதி எழுதாத வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம். வண்டியை ஒப்படைத்த நாளும் நேரமும் குறித்து, இருவரும் கையெழுத்திட்ட ரசீது ஆளுக்கொன்று இருக்கட்டும்.

வரி எவ்வளவு?

நம் மாநிலத்தில் ஆயுள் வரி கட்டின கார் மாநிலத்துக்குள் கைமாறினால், அந்த வரியை மறுபடி கட்ட வேண்டியதில்லை. புதுச்சேரிப் பதிவு வண்டி மலிவாக வருகிறதே என்று ஆசைப்படாதீர்கள். இங்கே மறுபதிவு செய்யும்போது தமிழ்நாட்டு ஆயுள் வரியை, வண்டியின் வயதுக்கு ஏற்றபடி கட்டியாக வேண்டும். அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்றும் தேவை.

15 வருஷம் தாண்டிய வண்டி என்றால் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமும் பசுமை வரியும் சேரும். விலை பேசும்போதே இதைக் கணக்கில் வையுங்கள்.

2024 டிசம்பரில் பழைய கார்களுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று செய்தி வந்ததும் பலர் கலங்கிப்போனார்கள். அது ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற வியாபாரிகள் தங்கள் லாபத்தின் மேல் கட்டுவது. சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்துக்கு விற்றால் அது கிடையாது. ஆனால் 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறக் கூடாது. அந்த ரொக்கத்தைப் பெறுகிற, அதாவது விற்கிறவருக்கு அதே அளவு அபராதம் வரும். வங்கி மூலமே கொடுங்கள். பணம் கொடுத்ததற்கு அதுவே சாட்சி.

இன்ஷூரன்ஸை மறக்காதீர்கள்

வண்டி கைமாறினால், அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு தானாகவே புதியவருக்கு வந்துவிடும். நம் வண்டிக்கு நேரும் சேதத்துக்கான காப்பீடு அப்படி வராது. 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதி பேரை மாற்றிக்கொள்ள வேண்டும். விற்றவர் சேர்த்துவைத்த நோ கிளெய்ம் போனஸ் அவருக்கே சொந்தம். அந்த வித்தியாசத் தொகையை நாம் கட்டத்தான் வேண்டும்.

எதிர்வீட்டுப் பெண்ணிடம் இதையெல்லாம் சொன்னேன். அன்று மாலையே ஆர்.சி.யை எடுத்துப் பார்த்தார்கள். எச்.பி. ரத்தாகவே இல்லை! பணம் முழுவதும் கொடுத்தாகிவிட்டது. நல்லவேளை, விற்றவர் நல்ல மனிதர். கடனை அடைத்திருந்தார், சான்று வாங்கத்தான் மறந்திருந்தார். இரண்டு தடவை அலைந்து வாங்கிக் கொடுத்தார். அவர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தால்?

ஐப்பசியில் புது ஆர்.சி. வந்தது. "இப்பத்தான்க்கா இது எங்க கார்" என்றாள் அவள். அதை பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு வைத்திருக்கிறாளாம். அது இருக்க வேண்டிய இடமும் அதுதான்.