உங்களுக்குத் தெரியுமா? ஐகிடோவில் ஒரு மலேசியத் தமிழ்ப் பெயர்

ஜப்பானியத் தற்காப்புக் கலையான ஐகிடோவில் உலகறிந்த ஆசான்களில் ஒருவர், மலேசியாவில் பிறந்த ஜோ தம்பு. இக்கலையை மலேசியாவில் வேரூன்றச் செய்த முன்னோடிகளில் ஒருவரான தம்பி ராஜா இவருடைய உறவினர். முதல் குருவும் அவரே. பின்னர் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் ஷூடோகான் பயிற்சிக்கூடத்தை ஜோ தம்பு வளர்த்தெடுத்தார். ஐகிடோவைத் தோற்றுவித்த மொரிஹெய் உயெஷிபாவின் (1883–1969) மாணவர் கோசோ ஷியோடா. அவர் 1955இல் நிறுவிய யோஷின்கான் மரபுதான் ஜோ தம்புவுடையது. ஆசானை உருவாக்குவது போட்டியில் வெல்லும் கோப்பையன்று, அறுபடாத குரு–சீடத் தொடர் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

பெரும்பாலும் போட்டி இல்லாத இக்கலை எப்படிப் பயன்படும் என்று கேட்கலாம். தோக்கியோ கலகத் தடுப்புப் போலீசார் சிலர் பல்லாண்டுகளாக யோஷின்கானில் கடும்பயிற்சி பெற்றுவருகிறார்கள். நம் கழிக்கலையான சிலம்பம் இருக்க அயல்நாட்டுக் கலை எதற்கு என்ற கேள்வியில் நியாயமுண்டு. ஆனால் இவை ஒன்றுக்கொன்று பகையல்ல. ஐகிடோவிலும் ‘ஜோ’ என்னும் கழிப் பயிற்சி உண்டு. மலாக்கா ரப்பர்த் தோட்டங்களில் சிலம்பம் தளர்ந்ததற்குக் கலையின் குறை காரணமன்று. குடும்பங்கள் லயன் வீடுகளைவிட்டுத் தாமான்களுக்குக் குடிபெயர்ந்தபோது ஆசானும் மாணவரும் பிரிந்து, அந்தக் குரு–சீடத் தொடர் பல இடங்களில் அறுந்துபோனது. ஜாசினிலோ அலோர் காஜாவிலோ உங்கள் வீட்டருகே ஒரு சிலம்ப ஆசான் இருந்தால், பிள்ளைகளை இந்த வாரமே அவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.