துண்டாகும் தமிழ்: ஏஐ சந்தா கட்டும் முன் பார்க்க வேண்டிய கணக்கு

இந்தியாவில் நவம்பர் 4, 2025 முதல் பதிவு செய்தவர்களுக்கு ஓப்பன்ஏஐ நிறுவனம் தனது 'சாட்ஜிபிடி கோ' திட்டத்தை ஓராண்டு கட்டணமின்றி வழங்கியது. அதே ஆண்டு ஜூலையில் ஏர்டெல் தன் வாடிக்கையாளர்களுக்குப் பெர்ப்ளெக்சிட்டி புரோவை ஓராண்டுக்கு இலவசமாக அளிக்கத் தொடங்கியிருந்தது. ஜியோ அக்டோபர் இறுதியில் கூகுளின் ஜெமினி புரோவை 18 மாதங்களுக்கு இலவசமாக அறிவித்தது. ஓராண்டுச் சலுகைகள் 2026-இல் ஒவ்வொன்றாக முடிவுக்கு வருகின்றன. சாட்ஜிபிடி கோவில் முதல் நாளே சேர்ந்தவர்களுக்கு அந்தக் கெடு நவம்பர் தொடக்கத்தில் வருகிறது. அறிமுகத்தின்போது மாதம் 399 ரூபாய் என்று விலை குறிக்கப்பட்ட ஒரு சேவையைப் பணம் கட்டித் தொடர்வதா, விட்டுவிடுவதா என்று லட்சக்கணக்கானோர் முடிவெடுக்க வேண்டிய நேரம் இது.

வாசகர் கடிதங்களில் இரண்டு குழப்பங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. 'டோக்கன்' என்று விலைப்பட்டியல்களில் வருவது எது என்பது முதலாவது. தமிழில் கேட்கும்போது பதில் மெதுவாக வருவதும், உரையாடல் நீண்டால் முன்பு சொன்னதை இயந்திரம் விரைவில் மறப்பதும் ஏன் என்பது இரண்டாவது. இரண்டுக்கும் விடை ஓரிடத்தில்தான் இருக்கிறது என்பதாலும், அந்த இடம் தமிழ் எழுதுபவர்கள் ஒவ்வொருவரையும் தொடுகிறது என்பதாலும், இக்கட்டுரை பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குகிறது.

விற்கப்படும் பொருள் எது?

'செயற்கை நுண்ணறிவு' என்பதன் ஆங்கிலப் பெயர், ஜான் மெக்கார்த்தியும் உடன் மூவரும் டார்ட்மவுத் கல்லூரியில் மறு ஆண்டு நடத்தவிருந்த ஆய்வுப் பட்டறைக்கு நிதி கேட்டு 1955-இல் எழுதிய விண்ணப்பத்தில் இடம்பெற்றது. பிறக்கும்போதே அது செய்து முடித்த ஒன்றின் பெயராக இல்லாமல், செய்யப்போவதாகச் சொல்லப்பட்ட ஒன்றின் பெயராக இருந்தது. இன்று அதே பெயரில் கைப்பேசிக்கு வந்திருப்பது 'பெரிய மொழி மாதிரி', அதாவது கொடுக்கப்பட்ட உரைக்குப் பின் எந்தத் துணுக்கு வர வாய்ப்பு அதிகம் என்று கணக்கிட்டு, அதைச் சேர்த்து, மீண்டும் கணக்கிட்டு, இப்படி ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டே போகும் நிரல். அது 'புரிந்துகொள்கிறது', 'சிந்திக்கிறது' என்ற சொற்களை நிறுவனங்கள் தாராளமாகப் பயன்படுத்துகின்றன. அவற்றை ஏற்பதா மறுப்பதா என்ற விவாதம் எப்படி முடிந்தாலும், அந்த நிரல் கையாளும் அடிப்படைப் பொருள் சொல்லும் அன்று, எழுத்தும் அன்று, துணுக்கு என்பதில் ஐயமில்லை. அந்தத் துணுக்குதான் டோக்கன்.

தமிழை இயந்திரம் எப்படி வெட்டுகிறது?

ரேஷன் கடையிலும் மருத்துவமனையிலும் வரிசைக்குத் தரப்படும் டோக்கனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. கணினிக்குள் எந்த எழுத்தும் எண்ணாகவே இருக்கிறது. 0 முதல் 255 வரையிலான ஓர் எண்ணை இருத்தும் சேமிப்பிடத்துக்கு 'பைட்' என்று பெயர். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் வழங்கும் ஏற்பாடு யூனிகோட். அந்த எண்களைப் பைட்டுகளாக மாற்றி எழுத இணையம் பின்பற்றும் முறை யுடிஎஃப்-8. இம்முறையில் ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பைட் போதும். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும்.

'அம்மா' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். படிப்பவருக்கு அது அ, ம், மா என்ற மூன்று எழுத்து. யூனிகோடில் மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் காலும் தனிக் குறியீடுகள் என்பதால், கணினிக்கு அது அ, ம, புள்ளி, ம, கால் என்ற ஐந்து. 'அ' என்பது 224, 174, 133 என்ற மூன்று எண்களாகவும், 'ம' என்பது 224, 174, 174 என்றும், புள்ளி 224, 175, 141 என்றும், கால் 224, 174, 190 என்றும் சேமிக்கப்படுவதால், குழந்தை பேசும் முதல் சொல் கணினிக்குள் 15 எண்களாக நீள்கிறது. 'வீட்டிலிருந்து' என்ற சொல்லுக்கு ஏழு எழுத்து, 14 குறியீடு, 42 பைட். அதே பொருளை ஆங்கிலம் மூன்று சொற்களில், இடைவெளிகளையும் சேர்த்து, 14 பைட்டில் சொல்லிவிடுகிறது.

இந்த மூன்று மடங்கு வேறுபாடு தொடக்கம் மட்டுமே. பைட்டுகளை அப்படியே கையாண்டால் எந்த மொழிக்கும் கணக்கு நீண்டுவிடும் என்பதால், அடிக்கடி அடுத்தடுத்து வரும் பைட்டுகளை ஒட்டி ஒரே துணுக்காக்கும் உத்தி பின்பற்றப்படுகிறது. கோப்புகளைச் சுருக்குவதற்காக ஃபிலிப் கேஜ் என்பவர் 1994-இல் வெளியிட்ட இந்த வழியை, எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ரிக்கோ சென்ரிச்சும் சக ஆய்வாளர்களும் 2015-இல் இயந்திர மொழிபெயர்ப்புக்குக் கொண்டுவந்தனர். ஒரு பெரிய உரைக்குவியலில் எந்த இணை மிக அதிக முறை வருகிறது என்று எண்ணி, அதை ஒட்டிப் புதுத் துணுக்காக்கி, அந்தப் புதுத் துணுக்கையும் சேர்த்து மீண்டும் எண்ணி, அடுத்த இணையை ஒட்டிக்கொண்டே போவதுதான் முழு முறையும். ஓப்பன்ஏஐ 2019-இல் வெளியிட்ட ஜிபிடி-2 மாதிரியில் இப்படி 50,000 ஒட்டல்கள் செய்யப்பட்டன. 256 பைட்டுகளும் உரை முடிவைக் காட்டும் ஒரு குறியும் சேர்ந்து அதன் துணுக்குப் பட்டியல் 50,257 ஆனது.

இம்முறை எந்த மொழியின் இலக்கணத்தையும் கேட்காமல், வெறும் எண்ணிக்கையைக் கொண்டே சொற்களைக் கண்டெடுக்கிறது என்பது வியக்கத்தக்கது. கவலைக்குரியதும் அதே எண்ணிக்கைதான், ஏனெனில் எந்தக் குவியலில் எண்ணினார்களோ அந்தக் குவியலின் மொழிக்கே ஒட்டல்கள் போய்ச் சேரும். ஜிபிடி-2-க்கான குவியலிலிருந்து ஆங்கிலம் அல்லாத பக்கங்கள் வேண்டுமென்றே நீக்கப்பட்டன. எனவே ஆங்கிலத்தின் வழக்கமான சொற்கள் முழுச்சொல்லாகவே பட்டியலில் ஏற, தமிழ் பெரும்பாலும் ஒட்டப்படாத பைட்டுகளாகவே கிடந்தது. ஓர் எழுத்துக்கே ஒன்றுக்கு மேற்பட்ட டோக்கன் செலவாகும் நிலை இப்படித்தான் வந்தது.

தமிழில் ஒரு பெயர் 'வீட்டை', 'வீட்டில்', 'வீட்டிலிருந்து', 'வீட்டுக்காரர்களுக்கும்' என்று உருபும் விகுதியும் ஏற்றுக்கொண்டே போவதால் சிக்கல் இன்னும் கூடுகிறது. இத்தகைய சொற்களைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என்று ஆறு உறுப்புகளாகப் பிரிக்கும் முறையை நன்னூல் வகுத்துத் தந்திருக்கிறது. பள்ளி மாணவர் பொருள் முறியும் இடத்தில் சொல்லைப் பிரிக்கக் கற்கிறார். இயந்திரமோ எண்ணிக்கை எங்கே குறைகிறதோ அங்கே வெட்டுகிறது, ஆகவே மெய்யின் உடல் ஒரு துணுக்கிலும் அதன் புள்ளி மற்றொரு துணுக்கிலும் போய் விழக்கூடும். ஒரு சொல்லில் எத்தனை எழுத்து என்று கேட்டால் இந்தச் செயலிகள் தடுமாறுவதற்கும் இதுவே முக்கியக் காரணம்: அவற்றுக்கு எழுத்து காட்டப்படுவதே இல்லை.

இதனால் யாருக்கு என்ன இழப்பு?

முதல் இழப்பு பணம். இந்த மாதிரிகளைத் தம் செயலியில் இணைத்துக்கொள்ளும் நிறுவனங்களிடமிருந்து டோக்கன் எண்ணிக்கைக்கே கட்டணம் வாங்கப்படுகிறது. எனவே தமிழில் விவசாயிக்கோ நோயாளிக்கோ பதில் சொல்லும் சேவையை நடத்துபவர், ஆங்கிலத்தில் அதே சேவையை நடத்துபவரைவிட அதிகம் செலவழிக்கிறார். மாதச் சந்தா கட்டுவோரின் கட்டணம் மொழிக்கு ஏற்ப மாறாது, ஆனால் இரண்டாவது இழப்பு அவர்களையும் விடுவதில்லை. ஓர் உரையாடலில் இயந்திரம் ஒரே நேரத்தில் கணக்கில் கொள்ளும் உரைக்கு உள்ள வரம்பும் டோக்கனில்தான் அளக்கப்படுவதால், அதே வரம்புக்குள் தமிழ் குறைவாகவே அடங்குகிறது. பதில் டோக்கன் டோக்கனாக உருவாவதால் தமிழ்ப் பதிலுக்கு நேரமும் கூடுகிறது. ஒரே உரையை வெவ்வேறு மொழிகளில் இவ்வாறு துண்டாக்கினால் டோக்கன் எண்ணிக்கை சில மொழிகளுக்கு 15 மடங்கு வரை வேறுபடுவதை ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் காட்டினர்.

சரிசெய்துவிட்டதாகச் சொல்கிறார்களே?

பாதி உண்மை. ஓப்பன்ஏஐ மே 2024-இல் ஜிபிடி-4ஓ மாதிரியை அறிமுகப்படுத்தியபோது, துணுக்குப் பட்டியலை ஏறத்தாழ ஒரு லட்சத்திலிருந்து இரண்டு லட்சமாக உயர்த்தியதால் தமிழுக்கு டோக்கன் 3.3 மடங்கு குறைந்ததாக அறிவித்து, ஓர் அறிமுக வாக்கியத்தைச் சான்றாகத் தந்தது. அந்த வாக்கியத்துக்குத் தமிழில் முன்பு 116 டோக்கன், இப்போது 35. முன்னேற்றம் பெரிது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அறிவிப்பு நேற்றைய தமிழோடு இன்றைய தமிழை ஒப்பிடுகிறது. பணம் கட்டுபவர் ஒப்பிட வேண்டியது இன்றைய ஆங்கிலத்தோடு. அதே பட்டியலில் அதே வாக்கியத்துக்கு ஆங்கிலத்தில் 27 ஆக இருந்தது 24 ஆகியிருக்கிறது. நான்கு மடங்குக்கு மேல் இருந்த இடைவெளி ஏறத்தாழ ஒன்றரை மடங்காகச் சுருங்கியிருக்கிறது, மறைந்துவிடவில்லை. சான்றாகத் தரப்பட்டதும் நிறுவனமே தேர்ந்த, 'வணக்கம், என் பெயர் இன்னது' என்ற வகையிலான எளிய வாக்கியமே. பட்டா ஆவணத்தின் நடைக்கும் திருநெல்வேலிப் பேச்சுக்கும் அதே விகிதம் பொருந்தும் என்று அதிலிருந்து முடிவு செய்ய இயலாது.

மூன்று பைட் என்ற சுமைக்குத் தமிழ் எழுத்தைக் குறைசொல்வதும் சரியாகாது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு தரும் டேஸ்-16 முறையைத் தமிழக அரசு 2010-இல் யூனிகோடோடு சேர்த்துத் தரமாக ஏற்றது. அது உலக வழக்குக்கு வரவில்லை. ஆனால் போதிய தமிழ் உரையைக் கொண்டு எண்ணினால் மூன்று பைட்டும் ஆறு பைட்டும் தாமாகவே ஒட்டி ஒரே துணுக்காகிவிடும் என்பதால், குறியீட்டை மாற்றாமலேயே இதைத் தீர்க்க முடியும். பெங்களூருவின் சர்வம் நிறுவனம் அக்டோபர் 2024-இல் வெளியிட்ட சர்வம்-1 மாதிரி, தமிழ் உள்ளிட்ட 10 இந்திய மொழிகளில் ஒரு சொல்லுக்கு 1.4 முதல் 2.1 டோக்கன் வரையே செலவாவதாகக் கூறுகிறது. இது நிறுவனத்தின் சொந்தக் கணக்கே ஆயினும், சரியான அளவுகோலை முன்வைத்ததால் வரவேற்கத்தக்கது. மார்ச் 2024-இல் 10,000 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி ஒப்புதல் பெற்ற இந்தியா ஏஐ திட்டத்தைப் பற்றிய அறிவிப்புகளில் ஏஐ கணக்கீட்டுக்கான ஜிபியு சில்லுகள் எத்தனை ஆயிரம் திரட்டப்பட்டன என்பதே முன்னுக்கு நிற்கிறது. குடிமகனின் மொழியில் ஒரு சொல்லுக்கு எத்தனை டோக்கன் செலவாகிறது என்ற கணக்கும் அதே இடத்தில் வைக்கப்பட வேண்டும்.

மற்றக் கேள்விகள், சுருக்கமாக

*ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினால் டோக்கன் குறையுமா?* பைட் குறையும். ஆனால் ஒரே சொல்லை ஆளுக்கொரு விதமாக எழுதும் வழக்கில் பொருள் பிறழ வாய்ப்புண்டு என்பதால் அது நல்ல வழி அன்று.

*இயந்திரம் சொல்லும் தகவலை நம்பலாமா?* அது வாய்ப்புள்ள அடுத்த துணுக்கைத் தருகிறது, உண்மையைச் சரிபார்ப்பது கேட்பவரின் வேலை.

*ஆதார் எண்ணையும் வங்கி விவரத்தையும் தரலாமா?* கூடாது.

*செயலியை நீக்கிவிட்டால் சந்தா நின்றுவிடுமா?* நிற்காது, கட்டண முறையை இணைத்துச் சேர்ந்தவர்கள் சந்தாப் பக்கத்துக்குச் சென்று கெடுவுக்கு முன்பே ரத்து செய்ய வேண்டும்.

*பணம் கட்டித் தொடரலாமா?* நாள்தோறும் நீண்ட கோப்புகளோடு வேலை செய்பவருக்குப் பயன் உண்டு. எப்போதாவது கேட்பவருக்கு இலவசப் பதிப்பே போதும்.

பணம் கட்டுபவர் கட்டும் முன், 'ஒரே உரைக்குத் தமிழில் எத்தனை டோக்கன், ஆங்கிலத்தில் எத்தனை' என்று நிறுவனத்துக்கு ஒரு வரி எழுதிக் கேட்க வேண்டும். தமிழில் ஏஐ சேவை வாங்கும் அரசுத் துறைகள் இதே கேள்வியை ஒப்பந்தப்புள்ளியிலேயே சேர்க்க வேண்டும். இப்போதைக்குக் கையில் உள்ள விடை நிறுவனமே அச்சிட்டதுதான்: ஆங்கிலத்துக்கு 24, தமிழுக்கு 35.