தாயைப் பார்த்துக் குட்டியைக் கொள்க

பெண் கொள்ளுமிடத்துத் தாயைப் பார் என்றும், பசுக் கொள்ளுமிடத்துப் பாலைப் பார் என்றும் நம் முன்னோர் பழமொழி வகுத்தனர். நாய்க்குட்டி கொள்ளுமிடத்து யாதினைப் பார்ப்பது? 'சாதி நாய்' என நம்மவர் கூறும் தூய இனத்து நாயை விலைகொடுத்து வாங்கப் புகுவோர் பெரும்பாலும் குட்டியின் முகத்தையும், அதனோடு வரும் வமிசாவளிப் பத்திரத்தையுமே நோக்குகின்றனர். இவ்விரண்டும் போதா என்பதை ஆங்கில நாட்டார் பட்டறிந்து கற்றனர்.

லூசி என்னும் பெண்நாயின் வரலாறு இதற்குச் சான்றாகும். அது நீண்ட செவியும் பட்டுப்போன்ற மயிருமுடைய கவலியர் கிங் சார்ள்ஸ் ஸ்பானியல் என்னும் இனத்தது. வேல்ஸ் நாட்டிலே குட்டிகளை விற்பனைக்கென்றே பெருக்கும் பண்ணையொன்றில், ஒடுங்கிய கூட்டினுள் அடைபட்டு, ஈன்று ஈன்றே மெலிந்தது. 2013ஆம் ஆண்டில் அதனை மீட்டபோது முதுகெலும்பு வளைந்திருந்தது, இடுப்பெலும்புகள் இறுகிப்போயிருந்தன. பின்னர் மூன்றாண்டளவு அன்புடையோர் இல்லத்தில் வாழ்ந்து, 2016இல் இறந்தது. அதன் குட்டிகளை வாங்கினோர் தாய் கிடந்த கூட்டைக் கண்டிருப்பரோ? கண்டிருப்பின் வாங்கியிரார். குட்டியை மட்டும் இடைத்தரகர் கொணர்ந்து காட்டுமிடத்துத் தாய் படும் துயர் மறைந்துவிடுகின்றது.

இம்மறைப்பினை நீக்கவே இங்கிலாந்தில் 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. 'லூசியின் சட்டம்' என்பது அதற்கு மக்கள் இட்ட பெயர். ஆறு மாதம் நிரம்பாத குட்டியை இடைத்தரகர் வாணிகஞ் செய்தல் கூடாது. வேண்டுவோர் வளர்ப்பாளரிடமோ, அடைக்கல இல்லத்திடமோ நேரிற் செல்லல் வேண்டும். அதற்கு முன்னரே, 2018ஆம் ஆண்டு விதிகள் உரிமம் பெற்ற வளர்ப்பாளரைக் கட்டுப்படுத்தின. குட்டியைத் தாயோடு வைத்தே காட்டல் வேண்டும். எட்டு வாரம் நிரம்புமுன் விற்றலாகாது. பன்னிரண்டு மாதத்துள் ஒரு நாயை இருமுறை ஈனவிடலாகாது என்பன அவற்றுட் சில.

இனி, வமிசாவளிப் பத்திரத்தைக் குறித்தும் சில கூறுவாம். 1873இல் இலண்டனில் தோன்றிய கெனல் கிளப் என்னும் சங்கம் நாய்களின் பரம்பரையைப் பதிந்து வருகின்றது. பத்திரமானது குட்டியின் முன்னோர் இவை என்று கூறும். அவை நோயற்றவை என்று கூறாது. நெருங்கிய உறவினுள்ளேயே இணைசேர்த்து வந்தமையாற் பிறவி நோய்கள் பல இனங்களிற் பெருகின. 2008இல் பி.பி.சி. தொலைக்காட்சி இதனை வெளிப்படுத்தியது. மறு ஆண்டில், தந்தையும் மகளும், தாயும் மகனும், உடன்பிறந்தவையும் கூடிப் பிறந்த குட்டிகளைப் பதிய அச்சங்கம் மறுக்கலாயிற்று.

நோயோ இனத்துக்கு இனம் வேறுபடும். அல்சேஷனுக்கு இடுப்பு மூட்டுக் குறை. கவலியருக்கு இருதய வால்வுக் கேடு. புள்ளிகொண்ட டல்மேஷனிலும் தமிழகத்து இராசபாளையம் வெள்ளை நாயிலும் பிறவிச் செவிடு காணப்படுவதுண்டு. ஆதலின், "பெற்றோரைச் சோதித்தீரா? முடிவு எங்கே?" என வாங்குவோர் கேட்டல் வேண்டும். பிரித்தானிய முறைப்படி, ஓராண்டேனும் நிரம்பிய நாயின் இடுப்பை எக்ஸ்-கதிர்ப் படமெடுத்து, ஒவ்வொரு பக்கத்துக்கும் 0 முதல் 53 வரை புள்ளியிடுவர். புள்ளி குறையக் குறைய மூட்டு நன்று.

நல்ல வளர்ப்பாளர் இக்கேள்விகளுக்குச் சினவார், தாமும் வினாவுவார். பகலில் வீட்டில் யாவர் உளர், வேலி உண்டா, நாயைப் பேணிய பழக்கம் உண்டா என்பர். அடுத்த ஈற்றுவரை காத்திருக்கச் சொல்வர். வளர்க்க இயலாதுபோயின் தம்மிடமே திருப்பித் தருமாறு வேண்டுவர். எவ்வினமும் எந்நாளும் கைவசமுண்டு என்பவனையும், தாய் வேறிடத்தில் உள்ளது என்பவனையும், தெருச்சந்தியிற் குட்டியைக் கொணர்ந்து தருவேன் என்பவனையும் விட்டு விலகுக.

அங்ஙனம் விலகுங்கால் நலிந்த குட்டியொன்று நம்மை நோக்கி வாலாட்டுதல் கூடும். இரங்கி அதனை வாங்கிவிடலாமே என நெஞ்சு உருகும். அவ்விடத்தே உறுதி வேண்டும். நாம் கொடுக்குங் காசு அக்குட்டியை மீட்பினும், கூட்டினுட் கிடக்கும் அதன் தாயை மீண்டும் ஈனச்செய்யும். கொடுமை கண்டவிடத்து உரிய அதிகாரிகளுக்கு அறிவித்தலே அவ்விரக்கத்துக்குத் தக்க வழி. கண்ணெதிரே நிற்கும் குட்டிக்கு இரங்குதல் யாவர்க்கும் எளிது. கண்ணுக்கு மறைந்த தாய்க்கும் இரங்குதலே நிறைந்த அருளாகும்.